தேன் டப்பாவைப் படித்த மாயக்காள்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ரோட்டில், வளைவுகளெல்லாம் முடியப்போகிற இடத்தில் ஒரு கல் நட்டிருக்கும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் மாயக்காள் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துதான் காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போடுவாள். பத்து வருஷமாக அவளுக்கு அதுதான் நாற்காலி. நடந்து களைத்த சனம் உட்காரட்டும் என்று சர்க்கார் போட்ட கல் என்றே நினைத்திருந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. உட்காரத் தோதான உயரத்தில் ஒரு கல்லை நட்டுவைத்தால் யாருக்கும் அந்த எண்ணம்தான் வரும்.

1979ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள், உட்காரப் போனவள் பாதியில் நின்றுவிட்டாள். கல்லின் நெற்றியில் கறுப்பாக இருந்த கோடுகளை உற்றுப் பார்த்தாள். உதடு அசைந்தது. "போ... டி." கீழே இருந்த எண்ணையும் விரலால் தடவிப் படித்தாள். "இருவத்தொண்ணு." அவ்வளவுதான். முந்தானையால் கல்லைத் துடைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூட வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சிரிக்காதீகடி. போடிக்கு எம்புட்டுத் தூரம்னு இந்தக் கல்லு போறவுக வர்றவுகளுக்கெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்குது. நான் என்னடான்னா இத்தன வருசமும் அது மூஞ்சி மேலயே உக்காந்து அட்டை புடுங்கியிருக்கேன்!"

அதற்குப் பிறகு அவள் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்ததே இல்லை. பக்கத்தில் ஈரத்தரையில்தான் உட்காருவாள்.

மாயக்காள் பளியர் குலத்துப் பெண். ரோட்டிலிருந்து ஒரு மணி நேரம் காட்டுக்குள் நடந்தால் ஊத்துப்பாறைக் குடி வரும். பதினெட்டு வீடு, எண்பது சனம். ஏலக்காய் பறிப்பில் அவளுக்கு ஈடாக அந்த மலையில் ஆள் கிடையாது. செடியின் அடியில் கையை விட்டால் பிஞ்சு பிஞ்சாகவே இருக்கும், முற்றின காய் மட்டும் கைக்கு வந்துவிடும். கண்ணால் பார்க்கக்கூட மாட்டாள். ஆனால் என்ன பிரயோசனம்? நிரந்தர வேலைக்கெல்லாம் கீழேயிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் இருந்தார்கள். பறிப்பு மும்முரமாக இருக்கும்போது பளியர்களைக் கூப்பிடுவார்கள். மும்முரம் தணிந்ததும் காட்டைப் பார்த்துப் போ என்று அனுப்பிவிடுவார்கள். எஸ்டேட்டின் பேரேட்டில் ஒரு பளியர் பெயர்கூட ஏறியதில்லை. மேனேஜர் ராஜாராம் மோசமான மனிதர் இல்லை, ஆனால் வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு. ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ஊத்துப்பாறையில எழுத்துத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. அன்னைக்கே மருந்து ரூம் சாவியைக் கையில குடுத்து, பேரையும் நிரந்தரமா எழுதிக்கிறேன்."

அப்படி ஒரு ஆள் வரப்போவதில்லை என்ற தைரியத்தில் சொன்னது அது. ஆனால் மாயக்காள் அதை மடியில் முடிந்துகொண்டாள்.

அவளுக்கு ஏற்கெனவே ஒரு ஆச்சரியம் மனசுக்குள் கிடந்தது. பறிப்பு இல்லாத மாதங்களில் பூச்சிமருந்து அடிக்கிற கூட்டத்துக்கு அவள் தண்ணீர் சுமப்பாள். மருந்து கலக்குகிறவன் திருப்பதி. டப்பாவோடு வந்த தாளை விரித்துப் பார்ப்பான், இத்தனை குடம் ஊற்று என்பான். அடுத்த நாளும் பார்ப்பான், அதையே சொல்வான். ஒருநாள் திருப்பதிக்குக் காய்ச்சல். வேறு ஆள் வந்தான். அவனும் தாளைப் பார்த்தான், அதே குடக்கணக்கைச் சொன்னான். மாயக்காளுக்கு மேல் சிலிர்த்துவிட்டது. திருப்பதியிடம் இவன் கேட்கவில்லை. ரெண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்படியானால் சொன்னது யார்? எழுதினவன் எங்கேயோ இருக்கிறான், உயிரோடு இருக்கிறானோ என்னவோ, அவன் சொல் மட்டும் வந்து இங்கே மலையில் நிற்கிறதே! இதை நினைத்து நினைத்து அன்றைக்கு ரெண்டு குடம் தண்ணீரைக் கீழே சிந்தினாள்.

கல்லைப் படித்ததற்கு முந்தின ஐப்பசியில்தான் முதியோர் கல்வி என்று சொல்லிப் பொன்னுமணி வந்து சேர்ந்தாள். கீழே சிலமலை ஊர்ப் பெண், இருபது வயசு. முதல் நாள் ஜீப்பில் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, கிழிந்த துணியாக வந்து இறங்கினாள். மாயக்காள்தான் வாய் கொப்பளிக்கத் தண்ணீரும், நாக்கில் வைக்க ரெண்டு ஏலக்காயும் கொடுத்தாள். செவ்வாய், வெள்ளி சாயங்காலம், காய் நிறுத்து முடிந்ததும் ஸ்டோர் வாசலில் வகுப்பு. பதினாறு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் நாலு பேராகக் குறைந்தார்கள். காய்க்கறை ஏறி வெடித்துப்போன விரலில் சிலேட்டுக்குச்சி நிற்காது, வழுக்கும். மாயக்காள் குச்சியை உடைத்து, சின்னத் துண்டாக்கி, அட்டையைக் கிள்ளி எடுக்கிற பிடியில் பிடித்து எழுதினாள். பொன்னுமணி அந்தப் பிடியைத் திருத்தப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

சர்க்கார் கொடுத்த பாடப்புத்தகத்தில் படகும் பனைமரமும் இருந்தன. மாயக்காள் ரெண்டையும் பார்த்ததில்லை.

"டீச்சரு, கோவிச்சுக்கிடாத. இந்தப் படகு எனக்கு எதுக்கு? ஏலக்காய எப்படி எழுதுறதுன்னு சொல்லு. அட்டைய எழுதிக் காட்டு. மூட்டையில என்ன எழுதியிருக்குன்னு சொல்லு."

பொன்னுமணி யோசித்தாள். சும்மா சொல்லக் கூடாது, சூட்டிகையான பெண். மறுவாரமே புத்தகத்தைப் பையில் போட்டுவிட்டு, எஸ்டேட்டையே பாடமாக்கினாள். சாக்கில் அடித்த எழுத்து, ஸ்டோர் கதவில் ஒட்டிய நோட்டீசு, ஜீப்பின் போர்டு, உரமூட்டை, காய்ச்சல் மாத்திரை உறை. அப்புறம் மாயக்காளைப் பிடிக்க முடியவில்லை. கண்ணில் எது பட்டாலும் வாய் தானாகக் கூட்டிப் படிக்கும். வேண்டாம் என்றாலும் நிற்காது. சோறு ஆக்கும்போது தீப்பெட்டியைப் படித்துக்கொண்டே இருந்ததில் சோறு அடிப்பிடித்துப் போயிற்று.

"எழுத்தையே திங்கலாம்னு சொன்னாகளா உங்க டீச்சரு?" என்று கேட்டுக்கொண்டே அந்தத் தீய்ந்த சோற்றைத் தின்றான் அவள் புருஷன் வீரணன்.

வீரணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியில் தேனெடுப்பவன் அவன்தான். நூறடிப் பாறையில் கொடியைக் கட்டித் தொங்கித் தேனடை அறுப்பான். வைகாசியில் வருகிற முதல் தேனுக்கு ஊத்துப்பாறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தத் தேனை, மனுசர் வாய்ப்பட்ட சாப்பாடு எதுவும் ஒரு தடவைகூட இருந்திராத பாத்திரத்தில்தான் எடுக்க வேண்டும். அது காட்டிலேயே இருக்கும், பெண்கள் கண்ணில் படாது. படைக்கிற அன்றைக்கு இலைபோட்டு மூடிக் கொண்டுவந்து, பளிச்சியம்மன் பாறையில் வைத்துத் திறப்பார்கள். பாறையில் வைத்த நொடியிலிருந்து, எண்பது பேரும் உள்ளங்கையில் வாங்கி நக்கி முடிக்கும் வரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல் விழுந்தாலும் அந்த வருஷம் முழுக்கக் குடி தேனெடுக்கப் போகாது. பறிப்பு இல்லாத மாதங்களில் தேன்தான் அவர்களுக்குக் கஞ்சி. அதனால் கைப்பிள்ளைகளைக்கூட பால் கொடுத்துத் தூங்கவைத்துத்தான் தூக்கி வருவார்கள்.

பாத்திரம் என்றால் முன்பெல்லாம் பச்சை மூங்கில் குழாய். போன வருஷம் தேன் படைத்து முடிந்த பிறகு அந்த மலை மூங்கில் மொத்தமும் பூத்துப் பட்டுப்போயிற்று. வீரணன் அலைந்து பார்த்தான், ஒரு கணுகூடத் தேறவில்லை. அப்போதுதான் ஸ்டோருக்குப் பின்னால் குவிந்துகிடந்த பூச்சிமருந்து டப்பா கண்ணில் பட்டது. கனத்த தகரம், இறுக்கமான மூடி. அதைவிட முக்கியம், அதில் எந்தக் காலத்திலும் எவரும் சோறு போட்டுத் தின்றதில்லை. கட்டுப்பாட்டுக்கு அதைவிடச் சுத்தமான பாத்திரம் ஏது? உள்ளே இருந்தது விஷம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. சாம்பல் போட்டு மூன்று தடவை, ஆற்றுமணல் போட்டு மூன்று தடவை தேய்த்தான். குங்கிலியம் புகைத்தான். நாற்றம் போயிற்று, அப்புறம் என்ன? எஸ்டேட் ஆட்களே அப்படிக் கழுவித்தான் அந்த டப்பாவில் தண்ணீர் பிடித்தார்கள்.

வைகாசி பிறந்து எட்டாம் நாள், காலை வெயில். எண்பது பேரும் பாறையைச் சுற்றி நின்றார்கள். குடித்தலைவர் சின்னச்சாமி கும்பிட்டு நின்றார். அவர் வீரணனுக்குத் தாய்மாமன். நடக்கப் பழகின பிள்ளைகளில் சின்னதுதான் முதல் கை நீட்டும். அந்த வருஷம் அது மாயக்காளின் மகள் வேலுத்தாய், ரெண்டு வயசு. வீரணன் இலையை விலக்கினான். டப்பா வெளியே வந்தது. மணலில் தேய்த்த தேய்ப்பில் பாதி எழுத்து போய்விட்டது, பாதி இருந்தது. கண் பட்டதும் மாயக்காளின் உதடு தானாகச் சத்தமில்லாமல் கூட்ட ஆரம்பித்தது.

கா... லி. ட... ப்... பா... வில்.

முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடேயப்பா, சாமிப் பாறையிலும் எழுத்து! பிறகு அடுத்த வரிக்குப் போனாள். 'காலி டப்பாவில் தின்னும் பொருள் எதையும் வைக்காதீர்கள்.' அதற்கும் அடுத்த வரி. 'எத்தனை தடவை கழுவினாலும் விஷம் போகாது.' தப்பாகப் படித்துவிட்டோமோ? ஆறு மாதப் படிப்பு. போன வாரம்தான் ஒரு போர்டைத் தப்பாகப் படித்துப் பொன்னுமணியைச் சிரிக்கவைத்தாள். மறுபடியும் முதலிலிருந்து கூட்டினாள். அதையேதான் சொன்னது. மூன்றாம் தடவை கூட்டுவதற்குள் வீரணன் இலைக்கரண்டியில் தேனை மொண்டுவிட்டான். வேலுத்தாய் சின்னக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"குடுக்காதீக!"

மலை முழுக்கக் கேட்டது அந்தச் சத்தம். தூங்கின கைப்பிள்ளைகளெல்லாம் வீறிட்டு அழுதன. மாயக்காள் ஓடிப்போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பாவி மகளே, வாயத் தொறந்துட்டியேடி!" என்றார் சின்னச்சாமி. "ஒரு வருசத்துக் கஞ்சியில மண்ணப் போட்டுட்டியே!"

"மாமா, அந்த டப்பாவே சொல்லுது மாமா, இதுல தின்னுற சாமான வைக்காதன்னு." அவள் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள். காலி டப்பாவில் தின்னும் பொருள் எதையும் வைக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் விஷம் போகாது. உடைத்துப் புதைத்துவிடுங்கள்.

வீரணன் அவள் முகத்தைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான். கரண்டித் தேனை டப்பாவுக்குள்ளேயே ஊற்றி மூடியை அழுத்தினான்.

சனம் கொந்தளித்தது. எவனோ தகரத்தில் கிறுக்கினதுக்காகக் குடியே பட்டினி கிடக்கணுமா? ரெண்டு எழுத்துப் படித்த திமிர்! இப்படி ஆளுக்கு ஒன்று. கடைசியில் சின்னச்சாமி கையை உயர்த்தினார்.

"டப்பா அப்படியே இருக்கட்டும். ஒரு பய தொடக் கூடாது. சாமிக்கு ஒகந்த வெள்ளிக்கிழம டீச்சரு வரும்ல, அன்னைக்கு அதை இங்க கூட்டிக்கிட்டு வருவோம். மாயக்கா ஓடைக்கு அங்கிட்டுப் போயி நிக்கட்டும். டீச்சருகிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அதுவாப் படிக்கட்டும். இவ சொன்னதையே அதுவும் சொல்லுச்சுன்னா, சரி. வேற சொல்லுச்சுன்னா, புருசனும் பொண்டாட்டியும் குடிய விட்டுப் போயிரணும்."

நடுவில் மூன்று நாள். மாயக்காள் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. பிறந்த குடி. இதை விட்டால் போக வேறு இடம் கிடையாது. தோட்டத்துக்கும், செவ்வாய்க்கிழமை வகுப்புக்கும் போகவில்லை. போனால் டீச்சரிடம் முன்கூட்டியே பேசிவிட்டாள் என்று சொல்லிவிடுவார்களே.

"நான் தப்பாப் படிச்சிருந்தா?" என்று வீரணனிடம் கேட்டாள்.

"படிச்சிருந்தா என்ன? போயிருவோம். காடா இல்ல?" என்றான் அவன். பிறகு வாசலில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த மகளைக் காட்டினான். "நீ சரியாப் படிச்சு, வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா? அதை நெனச்சுப் பாரு." எழுந்து வெளியே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் பொன்னுமணி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஊத்துப்பாறைக்கு நடந்து வந்தாள். மாயக்காள் ஓடைக்கு அந்தப் பக்கம் பாறையில் நின்றாள். கோடை மழையில் ஓடை இரைந்து ஓடியது. பளிச்சியம்மன் பாறையில் பேசுவது அவளுக்கு ஒன்றும் கேட்காது. பார்க்க மட்டும்தான் முடியும். சின்னச்சாமி டப்பாவைக் காட்டுவது தெரிந்தது. பொன்னுமணி குனிவது தெரிந்தது. அவள் வாய் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன் என்பாள் மாயக்காள். அந்த எண்பது பேரில் ஒரு தலை அவள் பக்கம் திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தத் தலையும் மெதுவாகத் திரும்பி, ஓடைக்கு அந்தப் பக்கம் நின்ற அவளையே பார்த்தது. எவரும் அசையவில்லை. அவள் பாறையைப் பிடித்துக்கொண்டாள். சின்னச்சாமி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்தார்.

"ஒரு சொல்லு மாறல ஆத்தா," என்றார். "நீ அன்னைக்குச் சொன்னத வரி வரியா ஒப்பிச்சிடுச்சு அந்தப் புள்ள. அது உன்னையப் பாக்கல, நீ அதைப் பாக்கல. அந்தத் தகரம் ரெண்டு பேருகிட்டயும் ஒரே பேச்சுத்தான் பேசுது. இது என்ன ஆத்தா இது, எப்பேர்ப்பட்ட சமாச்சாரம்!"

திருப்பதியின் தாளைப் பார்த்து அவளுக்கு வந்த அதே சிலிர்ப்பு இப்போது கிழவர் முகத்தில் இருந்தது. மாயக்காளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அங்கே பொன்னுமணி, டப்பாவுக்குள் தேன் இருப்பது அப்போதுதான் தெரிந்து, தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே வீடுவீடாகத் தேடினார்கள். தண்ணீர் பிடிக்கிறது, கேழ்வரகு போட்டு வைத்தது, பிள்ளைகள் கொட்டடித்து விளையாடுவது என்று பத்தொன்பது டப்பா வந்து குவிந்தது. கோடரியால் உடைத்து, தேனோடு சேர்த்து ஆழக் குழிவெட்டிப் புதைத்தார்கள். சொல் விழுந்துவிட்டதால் அந்த வருஷம் தேனெடுக்கப் போகவில்லை. உயிர் காத்த சொல்தானே என்று யாரோ கேட்டதற்கு, சாமியிடம் சாக்குச் சொல்வதா என்றார் சின்னச்சாமி. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். கிழங்கு தோண்டித்தான் ஓட்டினார்கள், ஆனால் ஒருத்தரும் மாயக்காளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டப்பாக்களைப் புதைத்த மறுநாள் குடியே எஸ்டேட் ஆபீசுக்கு முன்னால் போய் நின்றது. ராஜாராம் பயந்து வெளியே வந்தார்.

"எழுத்துத் தெரிஞ்ச ஆளக் காட்டுங்கன்னு சொன்னீகள்ல," என்றார் சின்னச்சாமி. "காட்ட வந்திருக்கோம்."

ராஜாராம் புது டப்பா ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். மாயக்காள் படிக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடியவே வெகுநேரம் ஆயிற்று.

"வெரசாப் படிம்மா."

"வெரசாப் படிச்சா கூடக்கொறையப் போயிரும் சார். இது விளையாட்டுச் சாமான் இல்ல."

அவள் எழுத்தெழுத்தாகத் தொடர்ந்தாள். காலி டப்பாவைப் பற்றிய வரி வந்ததும் அவர் ஸ்டோர் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஸ்டோருக்குப் பின்னால் அந்தக் குவியலை அவர் தினமும் பார்த்தவர், அந்த வரியையும் படிக்கத் தெரிந்தவர், ஒரு நாளும் படித்ததில்லை. உள்ளே போய்ச் சாவியையும் பேரேட்டையும் எடுத்துவந்தார். பெயரை அவர் எழுதப் போனார். மாயக்காள் பேனாவை வாங்கிக்கொண்டாள். அட்டையைக் கிள்ளுகிற அதே பிடியில், கோணல்மாணலாக, தன் பெயரைத் தானே எழுதினாள். சுற்றி நின்ற எண்பது பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மருந்து ரூமை அவள் பதினோரு வருஷம் பார்த்தாள். அவள் கையிலிருந்து ஒரு காலி டப்பாகூட ஓட்டை குத்தாமல் வெளியே போனதில்லை. கடப்பாறையால் அடியில் நாலு குத்து, பிறகு குழி. டப்பா அழகாக இருக்கிறது, வீட்டுக்குக் கொடு என்று கேட்ட கங்காணிக்குக் கிடைத்த திட்டு இருக்கிறதே, இங்கே எழுத முடியாது. அவளுக்குப் பிறகு ஊத்துப்பாறையிலிருந்து ஒவ்வொருவராக ஏழு பேர் அந்தப் பேரேட்டில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். நாலாவது ஆள் வீரணன். தீப்பெட்டி படித்துச் சோற்றைத் தீய்ப்பது இப்போது அவன் முறை.

தேனுக்கும் கட்டுப்பாட்டில் ஒன்று கூடியது. மறுவருஷம் போடிச் சந்தையில் வாங்கிய புது மண்கலயத்தில் தேன் வந்தது. பாறையில் வைப்பதற்கு முன்னால் சின்னச்சாமி அதை மாயக்காளிடம் கொண்டுவரச் சொன்னார். பெண்கள் கண்ணில் படக் கூடாத பாத்திரம்! ஒருத்தரும் மறுப்புச் சொல்லவில்லை. அவள் கலயத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "எழுத்து ஒண்ணும் இல்ல," என்ற பிறகுதான் பாறைக்குப் போனது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அப்படியே.

1987 வைகாசியில் மூங்கில் மறுபடி தழைத்து நின்றது. வீரணன் பச்சைக் குழாய் வெட்டிவந்தான். காட்டில் வளர்ந்த மூங்கிலில் எவன் வந்து எழுதப்போகிறான்? ஆனாலும் அதை மாயக்காளின் முன்னால் நீட்டினார்கள். எண்பது பேர் இப்போது நூற்றுச் சொச்சம் ஆகியிருந்தார்கள். அத்தனை பேரும் காத்து நின்றார்கள். இளவட்டம் ஒன்று சிரிக்கப் பார்த்தது. சின்னச்சாமி ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது. மாயக்காள் கண்ணை இடுக்கிக்கொண்டு, மேலிருந்து கீழே, கணுவுக்குக் கணு, ஒரு சுற்று முழுக்கப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை.

"ஒண்ணும் எழுதல," என்றாள். "குடுங்க."

அதற்குப் பிறகு ஒருத்தரும் பேசவில்லை. அந்த வருஷத்துச் சின்னப் பிள்ளை கையை நீட்டியது.